மூன்று மடிப்பா, நான்கு மடிப்பா?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நான் சூப்பர்வைசர். முகத்துக்கு நேரே எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். முதுகு திரும்பினால் ‘தீப்பெட்டி’. அந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று அங்கே வேலை பார்க்கும் இருபத்திரண்டு பெண்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் இருக்க என் காதை என்ன வாடகைக்கா விட்டிருக்கிறேன்?

சலவைக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு கதவு வழியாக அழுக்குத் துணி வரும், இன்னொரு கதவு வழியாகச் சுத்தமான துணி போகும். நடுவில் நான்கு பெரிய வாஷிங் மெஷின், மூன்று டிரையர், விரிப்பை உள்ளே விட்டால் தேய்த்து மறுபக்கம் தள்ளும் சூடான உருளை, அப்புறம் மடிப்பு மேஜைகள். காலை ஆறு மணிக்குப் பதினோரு பேர் வருவார்கள், மதியம் இரண்டு மணிக்கு மற்ற பதினோரு பேர். காலை ஷிஃப்டுக்குத் தலைவி கமாண்டர். அவள் ‘தண்ணி குடி’ என்று சொன்னால்கூடச் சல்யூட் அடிக்கத் தோன்றும். மதிய ஷிஃப்டுக்குத் தலைவி மின்னல். கை அவ்வளவு வேகம், வாய் அதைவிட வேகம்.

இந்த இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தலைவிகள் பேசாததால் இரண்டு ஷிஃப்டுமே பேசுவதில்லை. பேசாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் சண்டை துணியில் இறங்கிவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பச்சை விரிப்பைக் காலை ஷிஃப்ட் மூன்றாக மடிக்கும். மதிய ஷிஃப்ட் நான்காக மடிக்கும். மதியம் வந்தவுடன் மின்னலின் ஆட்கள் செய்யும் முதல் வேலை, காலையில் மடித்த எல்லாவற்றையும் உதறிப் பிரித்து நான்காக மடிப்பது. மறுநாள் காலையில் கமாண்டரின் ஆட்கள் மிச்சம் இருப்பதையெல்லாம் பிரித்து மூன்றாக மடிப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் இதிலேயே போனது. உலகத்தில் எந்தச் சலவைக்கூடத்திலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா? என் தலையெழுத்து, என்னிடத்தில் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை நிர்வாகி என்னை மேலே கூப்பிட்டார். புது ஆபரேஷன் பிளாக் வெள்ளிக்கிழமை திறக்கிறது. அதற்கு அறுநூறு விரிப்பு வியாழக்கிழமை நாலு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

“நாலு மணிக்கு நானே கீழ வருவேன். கூட ஒருத்தரையும் கூட்டிட்டு வருவேன். வெளிக் கம்பெனி ஆளு. அறுநூறும் இருந்தா வேலை உங்ககிட்டயே இருக்கும். இல்லன்னா ஒண்ணாம் தேதியிலேருந்து துணி மொத்தமும் அவங்களுக்கு” என்றார்.

“சார், அப்ப எங்க பொம்பளைங்க கதி?”

“அதை அவங்ககிட்டயே கேளுங்க மேடம். மூணு வருஷமா ஒரே விரிப்பை ரெண்டு தடவை மடிக்கிற சம்பளத்தை யார் குடுப்பா?”

படி இறங்கி வரும்போது தலைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டு பேர். அதில் பாதிப் பேருடைய வீட்டில் அவர்கள் சம்பளம் மட்டும்தான் உலை கொதிக்க வைக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியாருக்கு மருந்து, வீட்டு வாடகை, எல்லாம் இந்த ஜன்னல் இல்லாத அறையிலிருந்துதான் போகிறது.

எனக்குத் தெரிந்த முதல் வழி கத்துவது. இரண்டு மணிக்கு இரண்டு ஷிஃப்டும் மாறும்போது நடுவில் நின்று கத்தினேன். இனிமேல் யாராவது பிரித்து மடித்தால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவேன் என்றேன். என்ன பயன்? மறுநாள் கமாண்டர் மூன்று மடிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தித் தேய்த்து வைத்திருந்தாள், யாரும் பிரிக்க முடியாதபடி. மின்னலின் ஆட்கள் தண்ணீர் தெளித்துப் பிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கொடுத்துப் பார்த்தேன். வேலை முடிந்தால் ஆளுக்கு ஒரு நாள் கூடுதல் விடுப்பு என்றேன். கமாண்டர் கேட்ட முதல் கேள்வி, “அவங்களுக்கும் உண்டா?” உண்டு என்றேன். “அப்ப எங்களுக்கு வேணாம்” என்றாள். மதியம் மின்னலிடம் போனேன். அவளும் அதே கேள்வி, அதே பதில். என்ன பிறவிகள் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு. வாரம் பூராவும் குழந்தைகள் காது கிழியக் கத்துவதைக் கேட்டுவிட்டு, ஞாயிறன்று அவர் பேச மற்றவர்கள் கேட்கிறார்கள். அதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

“இந்த வாரம் சமாதானம்தான் தலைப்பு” என்றார்.

“சமாதானமா? வாங்க, எங்க சலவைக்கூடத்துல வந்து பேசுங்க. உங்களையும் மெஷின்ல போட்டுச் சுத்தி விட்டுடுவாங்க.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பேனாவை மூடினார். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிலிண்டர் விலையிலிருந்து ஆரம்பித்து நிர்வாகியின் சட்டைக் காலர்வரை எல்லாவற்றையும் திட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை.

“பகை தீர்க்கறதுக்கு நாலு வழி சொல்லியிருக்காங்க. சாமம், தானம், பேதம், தண்டம். அந்த வரிசையிலதான் போகணும். இணக்கமாப் பேசறது முதல்ல. அடிக்கறது கடைசில. நீ கடைசில இருந்து ஆரம்பிச்சிருக்கே. திங்கக்கிழமை தண்டம், செவ்வாய்க்கிழமை தானம்.”

“வரிசை தப்பிப்போச்சுன்னு இப்ப என்ன, மார்க் குறைப்பீங்களா?”

“நடுவுல பேதம் ஒண்ணு இருக்கே, எதிராளிகளைப் பிரிச்சு விடறது. நல்லவேளை, அதை நீ பண்ணலை.”

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவர் கவனிக்காமல் குறிப்பைப் புரட்டினார். சமாதானத்துக்குத் தூது போகிறவனைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். “தூது போறவன் இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது. கூட்டினா அது தூது இல்லை, கோள். எப்படி இருக்கு?”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அழுது அவர் பார்த்தது நான்கு தடவையோ ஐந்து தடவையோதான். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் சூப்பர்வைசர் இல்லை, கணக்கெழுதுகிறவள். கமாண்டரும் மின்னலும் உயிர்த் தோழிகள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ நேரம் பத்து நிமிடம் கூட்டித் தரவேண்டும் என்று கேட்டார்கள். மேலே இருந்தவர்களோ துணி எண்ணிக்கையைக் கூட்டு என்று என்னை நெருக்கினார்கள். நான் கமாண்டரிடம் போய், “‘கண்ணை மூடிட்டு மடிப்பாளா?’ன்னு மின்னல் உன் மடிப்பைப் பார்த்துச் சிரிக்கிறா” என்றேன். மின்னலிடம் போய், “‘மதியம் வர்றவங்க தூங்கத்தான் வர்றாங்க’ன்னு கமாண்டர் சொல்றா” என்றேன். இரண்டு பேரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. நானே கட்டிவிட்டேன். நன்றாகச் சிண்டு முடிந்துவிட்டேன். ஒரு மாதத்தில் போட்டி போட்டுக்கொண்டு எண்ணிக்கை ஏறியது. டீ நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கமாண்டர் ‘இனிமே எங்க மடிப்பு தனி’ என்று மூன்றாக மடித்தாள். மின்னல் நான்காக மடித்தாள்.

இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

குறிப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். “நாளைக்குச் சொல்லிடு.”

“சொன்னா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. வேலை போயிடும்.”

“சொல்லலைன்னா இருபத்திரண்டு பேருக்குப் போகும்.”

“உங்களுக்கென்ன, உக்காந்த இடத்துல சொல்லிடுவீங்க. நிக்கப்போறது நான்தானே?”

“நீதான் நிக்கணும்” என்றார். “செஞ்ச தப்பை நாலு பேர் முன்னாடி வாய்விட்டுச் சொல்றதே பாதிப் பிராயச்சித்தம். தினம் விளக்கேத்தி, எல்லார்கிட்டயும் இருக்கறது ஒரே சாமிதான்னு கும்பிடறே. அப்ப மூணு வருஷமா நீ யாரை யார்கூட மோத விட்டிருக்கே, யோசிச்சுப் பாரு.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேடைப் பேச்சை வீட்டில் பேசாதீர்கள் என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. அறுநூறு விரிப்பும் துவைத்துத் தேய்த்துத் தயார். அதில் நானூறு மூன்றாக மடித்திருந்தது. மின்னலின் ஆட்கள் கையுறையை மாட்டிக்கொண்டு பிரிக்கத் தயாராக நின்றார்கள். கமாண்டரின் ஆட்கள் கிளம்பத் தயாராக நின்றார்கள். நான் இரண்டு கதவையும் தாழ் போட்டேன். வாஷிங் மெஷின்களை நிறுத்தினேன். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

“யாரும் வேலையைத் தொட வேணாம். அஞ்சு நிமிஷம் என் பேச்சைக் கேளுங்க. அதுக்கப்புறம் என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க” என்றேன்.

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கமாண்டரிடம் அன்று சொன்னதை அதே வார்த்தைகளில் சொன்னேன், மின்னலிடம் சொன்னதையும் அதே வார்த்தைகளில். அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சொல்லவே இல்லை, நான் இட்டுக்கட்டினேன் என்று சொன்னேன். அதற்காக எனக்குக் கிடைத்ததுதான் இந்த நாற்காலி என்றும் சொன்னேன். நாலு மணிக்கு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். என் குரல் உடைந்துபோயிருந்தது.

கமாண்டர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற மின்னலைப் பார்த்தாள்.

“நான் அப்படிச் சொல்லுவேன்னு நீ நம்பினியாடி?”

மூன்று வருடத்தில் மின்னலிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

“நீ மட்டும்? நான் உன்னைப் பார்த்துச் சிரிச்சேன்னு நீ நம்பலையா?” என்றாள் மின்னல். உதடு துடித்தது. “எங்கம்மா செத்துப்போனப்ப ஊரே வந்துச்சு. நீ வரலை. அன்னிக்குத்தான் நான் உன்னை வெறுத்தேன்.”

“வந்தேன்.”

“பொய் சொல்லாதே.”

“உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். முகத்துல அடிச்ச மாதிரி நீ ஏதாவது சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதுட்டுத் திரும்பிப் போனேன். உங்கம்மா கையால எவ்வளவு சாப்பிட்டிருக்கேன், எனக்கு இருக்காதா?”

மின்னல் மேஜையைச் சுற்றிக்கொண்டுகூட வரவில்லை. குறுக்கே எட்டிக் கமாண்டரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் விசும்பி விசும்பி அழுதார்கள். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்புறம் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

அம்மாடி! அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. இருபத்திரண்டு வாய். மூன்று வருடம் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் என் தலையில் இறங்கியது. ‘நீயெல்லாம் ஒரு பொம்பளையா?’ என்றாள் ஒருத்தி. ‘தீப்பெட்டின்னு சும்மாவா பேர் வச்சோம்!’ என்றாள் இன்னொருத்தி. காலை ஷிஃப்ட் ஒன்றை ஆரம்பித்தால் மதிய ஷிஃப்ட் முடித்தது. நான் தலை குனிந்து நின்றேன். வலித்தது, சத்தியமாக வலித்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கியது. இரண்டு ஷிஃப்டும் ஒரே குரலில் பேசுகிறதே!

“போதும்” என்றாள் கமாண்டர். “மிச்சத்தை அப்புறம் வச்சுக்கலாம். மணி ரெண்டே கால். எப்படி மடிக்கிறது, சொல்லு.”

“நாலாத்தான்” என்றாள் மின்னல்.

“மூணுதான்.”

எனக்குப் பகீரென்றது. ஆனால் மின்னல் சிரித்துவிட்டாள். “ஏண்டி, இதை விரிக்கிறவங்களை யாராவது கேட்டோமா?”

கேட்கவில்லை. மூன்று வருடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் தியேட்டர் நர்ஸுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன்.

“மூணா நாலா?” என்று கேட்டாள் நர்ஸ். “மேடம், நீங்க எப்படி அனுப்பினாலும் நாங்க இங்க பிரிச்சு மறுபடி மடிச்சுக்கறோம். எங்களுக்கு விசிறி மாதிரி மடிக்கணும். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு. ஓரத்தைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா முழுசும் விரியணும், நோயாளி மேல கை படக் கூடாது.”

“அதை இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?” என்றேன்.

“சொல்ல வந்தேன். கீழ நடந்த சண்டையைப் பார்த்துட்டு அப்படியே லிஃப்ட்டுல ஏறிட்டேன்.”

முதலில் கமாண்டர்தான் சிரித்தாள். அப்புறம் மின்னல். பிறகு அறையே குலுங்கியது. மூன்றும் தப்பு, நான்கும் தப்பு! ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் அழுக்குக் கூடையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

விசிறி மடிப்பைத் தனியாளாக மடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் கை முன்னே போகும்போது இன்னொருவர் கையும் அதே அளவு முன்னே போக வேண்டும். கமாண்டர் விரலைச் சொடுக்கினாள். “எங்காளு ஒண்ணு, உங்காளு ஒண்ணு.” பதினோரு ஜோடி நின்றது. முதல் பத்து விரிப்பு கோணல்மாணலாக வந்தது. ஜோடிக்கு ஜோடி திட்டிக்கொண்டார்கள், சரி செய்துகொண்டார்கள், மறுபடி பிடித்தார்கள். அப்புறம் கை பழகிவிட்டது. பச்சைத் துணி மேலே எழும்பி மடங்கி விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மடித்ததை எண்ணி வண்டியில் அடுக்கினேன். ‘மேடம், சீக்கிரம்’ என்று என்னை விரட்டினார்கள். ஓடினேன்.

மூன்றரைக்கு நானூற்று எழுபது. மூன்று ஐம்பதுக்கு ஐந்நூற்று அறுபது. கமாண்டர் ‘இன்னும் நாப்பது’ என்று குரல் கொடுத்ததும் பதினோரு ஜோடியும் ஒரே மூச்சில் இறங்கின. மூன்று ஐம்பத்தாறுக்குக் கடைசி விரிப்பைக் கமாண்டரும் மின்னலும் மடித்து வைத்தார்கள். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

நாலு மணிக்கு நிர்வாகி வந்தார். கூட டை கட்டிய கம்பெனிக்காரர். வாசலில் ஆறு வண்டி, வண்டிக்கு நூறு. கம்பெனிக்காரர் ஒரு விரிப்பை எடுத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் முழுவதும் விரிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இது ரொம்பக் கஷ்டமான மடிப்பாச்சே. எங்க ஆளுங்களுக்கே சரியா வராது. உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?”

கமாண்டர் மின்னலைக் காட்டினாள். மின்னல் கமாண்டரைக் காட்டினாள். நிர்வாகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மேஜையில் அவர்களை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“இனிமேலும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“இனிமே எப்பவும் இப்படித்தான் சார்” என்றார்கள் இருவரும்.

நிர்வாகி கம்பெனிக்காரரின் கையைக் குலுக்கி லிஃப்ட்டைக் காட்டினார். அவ்வளவுதான். இருபத்திரண்டு பேருடைய வேலையும் தப்பியது. கமாண்டரைத் தூக்க முயன்று நாலு பேர் கீழே விழுந்தார்கள்.

நிர்வாகியும் லிஃப்ட்டுக்குத் திரும்பினார். நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். நான் செய்ததை அவருக்கும் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் மின்னலின் கை என் கையைப் பிடித்தது. பேர்தான் மின்னலாயிற்றே. கடிதத்தைப் பறித்து வாசித்தாள், கமாண்டரிடம் கொடுத்தாள். கமாண்டர் எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தாள்.

“வேலையை விட்டுட்டு ஓடிடலாம்னு பார்த்தீங்களா? அவ்வளவு சுலபமா விட்டுடுவோமா?” என்றாள்.

“எனக்கு இந்த நாற்காலியில உக்கார வெக்கமா இருக்கு” என்றேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

“அப்ப உக்காராதீங்க. ஒரு மாசம் எங்ககூட மேஜையில நின்னு மடிங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடணும். ரெண்டு மணி வரைக்கும் நான் திட்டுவேன்.”

“ரெண்டுக்கு மேல நான்” என்றாள் மின்னல். “நான் கொஞ்சம் அதிகமாவே திட்டுவேன்.”

கடிதம் நான்கு துண்டாகிக் குப்பைக் கூடைக்குப் போனது. அந்த இடத்திலேயே நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். மறுநாள் ஐந்தரை மணிக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றேன்.